இன்சுலேட்டரைப் பார்த்து ஸ்கோப் வாங்குங்கள்!

விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள ஏரிகள் பெரியவை. பறவைகள் உட்காருவதோ நடு ஏரியில். பைனாகுலர் போதாத இடத்தில் கைகொடுக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பொங்கலுக்கு முந்தைய வாரம். கீழ்ச்செருவாய், வெலிங்டன் ஏரிக்கரை. பனி இன்னும் தண்ணீரை விட்டு எழவில்லை. கரை மேல் ஒருவர் மூன்று கால் ஸ்டாண்டை விரித்து, அதன் உச்சியில் ஒரு குழாயைத் திருகிக்கொண்டிருக்கிறார். ஆடு ஓட்டி வந்த பெரியவர் நின்று பார்க்கிறார்.

"என்னா சார், அளக்க வந்திருக்கீங்களா?"

கடலூர் மாவட்டத்தில் இது சும்மா கேட்கும் கேள்வி அல்ல. நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த, கொடுக்க மறுக்கிற ஊர்களில் ஸ்டாண்டு என்றால் சர்வே, சர்வே என்றால் நிலம் போகப்போகிறது என்று அர்த்தம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நின்ற பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியதைப் பார்த்த மாவட்டம் இது. விளக்கம் சொல்லி அந்தச் சந்தேகத்தைப் போக்க முடியாது. குழாயின் கண்ணைப் பெரியவர் பக்கம் திருப்பி, "நீங்களே பாருங்கய்யா" என்றால் போதும். அவர் துண்டை இடுக்கிக்கொண்டு குனிகிறார். கரையிலிருந்து கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தவை நாமக்கோழிகளாகின்றன. நெற்றியில் வெள்ளை நாமம், அதற்குக் கீழே சிவப்புக் கண். "அட, கண்ணு செவப்பா இருக்கே!" அடுத்த பத்து நிமிடம் ஆடுகள் தம் இஷ்டத்துக்கு மேய்கின்றன.

இந்தக் குழாய்தான் ஸ்பாட்டிங் ஸ்கோப். பறவை பார்ப்பவர்கள் சந்திக்கும் இடமெல்லாம் இப்போது அடிபடும் பேச்சு, 'எதை வாங்கலாம்?' என்பது. காரணம் இருக்கிறது. 2024 ஜனவரியில் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி, அதே ஆண்டு ஆகஸ்டில் விழுப்புரம் மாவட்டத்துக் கழுவெளி என்று, விருத்தாசலத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் இரண்டு நீர்நிலைகள் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறின. 2015-இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் ஆண்டுதோறும் புதியவர்கள் சேர்கிறார்கள். முதலில் செல்போன், பிறகு பைனாகுலர், பிறகு ஸ்கோப் என்று ஆசை வளர்கிறது. பணமும் அதற்கேற்பக் கரைகிறது.

கரை கிழக்கே, பறவை மேற்கே

வேடந்தாங்கலில் பைனாகுலரே தாராளம். அங்கே நாரைகளும் கூழைக்கடாக்களும் கரைக்குப் பக்கத்து மரங்களில் கூடு கட்டுகின்றன. நம் பக்கத்து ஏரிகளின் கணக்கு வேறு. பராந்தக சோழன் காலத்து வீராணம் சுமார் 16 கிலோமீட்டர் நீளம். குளிர்காலத்தில் வரும் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் நீலச்சிறகியும் ஆள் நடமாட்டமுள்ள கரையை ஒட்டி உட்காராது. சாலை வண்டிகளின் ஹாரனுக்குத் தள்ளி, மீன்பிடிப் பரிசலுக்கும் தள்ளி, நட்ட நடுவில் மிதக்கும்.

800 மீட்டரில் மிதக்கும் வாத்தை 8 மடங்கு பைனாகுலரில் பார்த்தால், வெறும் கண்ணால் 100 மீட்டரில் பார்ப்பது போலத் தெரியும். வாத்து என்று சொல்லலாம். எந்த வாத்து என்பதற்கு ஊகம்தான். அதையே 30 மடங்கு ஸ்கோப்பில் பார்த்தால் தூரம் 27 மீட்டராகச் சுருங்குகிறது. நீலச்சிறகி ஆணின் வெள்ளைப் புருவம் அப்போதுதான் தெரியும்.

நம் ஏரிகளின் அமைப்பே ஒரு வசதி செய்து கொடுக்கிறது. தமிழகச் சமவெளியில் நிலம் கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. தண்ணீரைத் தடுக்கும் கரையும் பெரும்பாலும் கிழக்குப் பக்கமே இருக்கும். காலையில் கரையில் ஏறி மேற்கே பார்த்தால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பறவையின் நிறம் அப்படியே தெரியும். அதே கரையில் மாலை நான்கு மணிக்கு நின்றால் லட்ச ரூபாய் ஸ்கோப்பிலும் எல்லாப் பறவையும் கறுப்பு. ஸ்கோப் வாங்குவதற்கு முன் அலாரம் வைத்து எழுந்திருக்கப் பழகுங்கள்.

எண்ணில் இருக்கிறது ஏமாற்று

'20–60×80' என்று பெட்டியில் போட்டிருக்கும். பலருக்குக் கண்ணில் படுவது 60 மட்டும். உண்மையில் கவனிக்க வேண்டியது கடைசி எண். 80 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். எவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. உருப்பெருக்கத்தை ஏற்ற ஏற்ற, உள்ளே வந்த அதே வெளிச்சம் மெல்லிய கீற்றாகக் கண்ணுக்கு வருகிறது. படம் மங்குகிறது, பார்க்கும் பரப்பு சுருங்குகிறது, ஸ்டாண்டின் சின்ன ஆட்டமும் பெரிதாகத் தெரிகிறது.

அதோடு கானல். காலை ஒன்பதரை, பத்துக்கெல்லாம் ஏரிச்சேற்றின் மீது காற்று நெளியத் தொடங்கிவிடும். அப்போது 60 மடங்கில் பார்த்தால் பறவை மட்டுமல்ல, நெளிவும் 60 மடங்குதான். அனுபவமுள்ளவர்கள் பெரும்பாலான நேரம் 25-க்கும் 35-க்கும் இடையிலேயே ஓட்டுவதற்குக் காரணம் இதுதான். பெட்டியில் இருக்கும் பெரிய எண்ணுக்குக் கொடுத்த பணம் பெரும்பாலும் வீண்.

இணையத்தில் '40×60 மோனோகுலர், நிலாவே கையில்' என்று ஆயிரம் ரூபாய்க்குள் விற்பவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் கண்பக்கத்தைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து வெளிச்சத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு வெள்ளை வட்டம் தெரியும். அது நிஜமாகவே 40 மடங்கு, 60 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால், வட்டத்தின் அகலம் 60-ஐ 40-ஆல் வகுத்த 1.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கடுகு அளவு. பட்டாணி அளவுக்குத் தெரிந்தால் 40 மடங்கு என்பது அட்டைப் பெட்டியில் மட்டும்தான்.

---
பெட்டிச் செய்தி: கண்ணுக்கு வரும் ஒளி வட்டம்

லென்ஸ் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கிடைப்பது ஒளி வட்டத்தின் அளவு. நல்ல பகல் வெளிச்சத்தில் நம் கண்மணி திறப்பது 2 முதல் 3 மில்லிமீட்டர். வட்டமும் அதை ஒட்டியிருந்தால் பார்ப்பது சுகம்.

50 மி.மீ. லென்ஸ், 20 மடங்கு: 2.5 மி.மீ.
50 மி.மீ. லென்ஸ், 40 மடங்கு: 1.25 மி.மீ. (மங்கல்)
65 மி.மீ. லென்ஸ், 25 மடங்கு: 2.6 மி.மீ.
65 மி.மீ. லென்ஸ், 60 மடங்கு: 1.1 மி.மீ. (பெயருக்குத்தான்)
80 மி.மீ. லென்ஸ், 20 மடங்கு: 4 மி.மீ. (விடிகாலையிலும் வேலை செய்யும்)

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கண்ணைக் கண்வில்லையிலிருந்து எவ்வளவு தூரம் வரை தள்ளி வைத்தால் முழுப் படமும் தெரியும் என்ற அளவு, குறைந்தது 15 மி.மீ. இருக்கட்டும். ஜூம் ஏற ஏற இது பல ஸ்கோப்புகளில் குறையும். கடையிலேயே கண்ணாடியைக் கழற்றாமல் பார்த்துவிடுங்கள்.

---

மின்கம்பத்தில் ஓர் இலவசப் பரிசோதனை

விருத்தாசலத்துக்காரர்களுக்கு மட்டும் சொல்ல வேண்டிய பரிசோதனை ஒன்று உண்டு. இந்த ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையின் சூளைகளில் அகல் விளக்கும் பொம்மையும் மட்டும் வேகவில்லை. ஃபியூஸ் கேரியரும் இன்சுலேட்டரும் இங்கிருந்துதான் எத்தனையோ கம்பங்களுக்கு ஏறியிருக்கின்றன. மெருகேற்றிய பீங்கான் இன்சுலேட்டர், ஸ்கோப்பின் தரத்தைச் சோதிக்க அருமையான இலக்கு. வானியல் ஆர்வலர்கள் தங்கள் தொலைநோக்கியைப் பகலில் சோதிக்க வெகுகாலமாகச் செய்துவரும் வேலை இது.

கடைக்காரரிடம் கேட்டு ஸ்கோப்பை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். 100 மீட்டருக்கு அப்பால் உள்ள கம்பத்தில் ஒரு இன்சுலேட்டரைப் பிடியுங்கள். முதலில் அதன் விளிம்பைப் பாருங்கள். பளீர் வானத்துக்கு எதிரே அந்த ஓரத்தில் ஊதாவோ பச்சையோ கோடாகப் படிந்திருந்தால், வெள்ளை ஒளியின் நிறங்களை லென்ஸ் ஒரே புள்ளியில் சேர்க்கவில்லை என்று பொருள். இதைக் குறைக்கத்தான் 'ஈ.டி.' கண்ணாடி. அதற்கும் மேலே ஃப்ளூரைட் படிகம். 'ஈ.டி.' என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்புவதைவிட இன்சுலேட்டரின் விளிம்பை நம்பலாம்.

அடுத்து, அந்த மெருகின் மேல் வெயில் பட்டு மின்னும் ஒரு பொட்டு. அதை ஃபோகஸ் செய்தால் 'டக்' என்று ஒரே புள்ளியாக நிற்க வேண்டும். ஃபோகஸை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினால் வட்ட வட்டமாக விரிய வேண்டும். வால் முளைத்தாலோ, ஒரு பக்கம் இழுத்தாலோ, எங்கே திருகினாலும் புள்ளியாகாமல் போக்குக் காட்டினாலோ, லென்ஸ்கள் சரியாக உட்காரவில்லை. அந்த ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுங்கள். அதே கம்பெனி, அதே மாடலில் இன்னொன்று நன்றாக இருக்கலாம். மலிவு ரகங்களில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் அதிகம்.

ஒரு எச்சரிக்கை: ஸ்கோப்பைச் சூரியன் பக்கம் எந்தக் காரணத்துக்காகவும் திருப்பக் கூடாது. கணத்தில் பார்வை போகும். குழந்தைகள் இருக்கும் இடத்தில் ஸ்டாண்டை விட்டு நகர்வதானால் மூடியைப் போட்டுவிட்டு நகருங்கள்.

பஸ்ஸில் ஏறுமா, தோளில் தாங்குமா?

80 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ஸ்கோப் கண்வில்லையோடு இரண்டு கிலோவைத் தொடும். அதைத் தாங்கும் ஸ்டாண்டு இன்னும் இரண்டு கிலோ. கார் வைத்திருப்பவருக்குக் கவலையில்லை. திட்டக்குடி பஸ்ஸில் நின்றுகொண்டே போய், இறங்கிக் கரை மேல் நடப்பவருக்கு இது சுமை. மூன்றாவது வாரம் ஸ்கோப் வீட்டிலேயே தங்கிவிடும். 50–55 மில்லிமீட்டர் ரகம் ஒரு கிலோவுக்குள் முடிந்துவிடும். ஜப்பானின் கோவா நிறுவனத்தின் 50 மி.மீ. சின்ன ஸ்கோப் சுமார் 400 கிராம்தான். அதே நிறுவனத்தின் ஃப்ளூரைட் லென்ஸ் போட்ட 55 மி.மீ. ஸ்கோப் 800 கிராமை ஒட்டி வரும். விலை மட்டும் கனம். செலஸ்ட்ரான் நிறுவனத்தின் 9–27 மடங்கு, 56 மி.மீ. ரகம் நடுத்தரப் பையில் மறைந்துவிடும். ஊர் ஊராகச் செல்பவர்களுக்கு இவை போதும். வெளிச்சம் குறைந்த விடிகாலையில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே 60–65 மில்லிமீட்டர். பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவை ஒட்டியே இருக்கும். விருத்தாசலம் ஜங்ஷனில் ரயிலேறித் திருச்சிப் பக்கமோ சேலம் பக்கமோ கடலூர்த் துறைமுகத்துக்கோ போகிறவர், முதுகுப் பையில் துணிமணியோடு இதையும் வைத்துக்கொள்ளலாம். விமானத்தில் போனால் ஸ்கோப் கைப்பையில்தான் வர வேண்டும், ஸ்டாண்டைச் சரக்கில் போட்டுவிடலாம். துறைமுகம், கடற்படைத் தளம், அணுமின் நிலையம் இருக்கும் கடற்கரைகளில் ஸ்டாண்டை விரிக்குமுன் காவலரிடம் ஒரு வார்த்தை சொல்வது நல்லது. அங்கே கேட்கப்படும் கேள்வி நம் ஆட்டுக்காரப் பெரியவரின் கேள்வியைப் போல இதமாக இருக்காது.

ஸ்டாண்டில்தான் நம்மவர்கள் பணத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். தப்பு அங்கேதான். மார்கழி, தை மாதங்களில் ஏரிக்கரையில் வாடைக்காற்று சும்மா இருக்காது. எடை குறைந்த செல்போன் ஸ்டாண்டில் நல்ல ஸ்கோப்பை வைத்தால் பறவைக்குப் பதில் நடுக்கத்தைத்தான் பார்க்கலாம். என் யோசனை: ஊரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்களில் விசாரியுங்கள். பழைய வீடியோ ஸ்டாண்டுகள், எண்ணெய் போட்டது போல வழுக்கித் திரும்பும் தலையோடு, பாதி விலைக்கு வரும். அவர்கள் கேமராவைத் தாங்கியது உங்கள் ஸ்கோப்பையும் தாங்கும். நடுக்கம்பை உயர்த்தாமல், அதன் அடியில் பையைத் தொங்கவிட்டால் ஆட்டம் இன்னும் குறையும்.

சாய்வா, நேரா? 45 டிகிரி சாய்ந்த கண்வில்லையைத்தான் சொல்வேன். ஸ்டாண்டைத் தாழ்வாக வைக்கலாம், காற்றுக்கு அசையாது. ஆறடி மாமாவும் நான்காம் வகுப்புப் பொடியனும் உயரம் மாற்றாமலே பார்க்கலாம். நேர்க் குழாய் காருக்குள்ளிருந்தும் கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து கீழே பார்க்கவும் வசதி. புதியவருக்குப் பறவையைச் சீக்கிரம் பிடிக்கவும் வரும். ஆனால் நம் ஊரில் ஸ்கோப் வைத்தவர் தனியாகப் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. கூட்டம் சேரத்தான் செய்யும்.

பூஞ்சைதான் முதல் எதிரி

நமக்குப் பறவை வரும் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகவே வருகின்றன. ஐப்பசியில் நனைந்த ஸ்கோப்பை உறையோடு பீரோவில் வைத்துப் பூட்டினால், தை மாதம் லென்ஸுக்குள் சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்திருக்கும். அது கண்ணாடிப் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தும் போகாது. அதனால் நைட்ரஜன் அடைத்த, நீர் புகாத ரகமாக வாங்குங்கள். வீட்டில் ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப்புகா டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கலாம். ஜெல் நிறம் மாறினால் காயவைத்து மறுபடி போடலாம். அரிசி மூட்டையில் புதைப்பது வேண்டாம், தவிட்டுத் தூசி நுழையும். பிச்சாவரம், கோடியக்கரைப் பக்கம் போய் வந்தால் உப்புப் படிந்த வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விடவே கூடாது.

விலை? 15,000, 20,000 ரூபாயில் ஆரம்ப ரகம் கிடைக்கும். ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி, ஜப்பானின் கோவா ஆகியவற்றின் உச்ச ரகங்கள் சில லட்சங்கள். இடையில் எல்லாப் படியும் உண்டு. இந்தியாவில் பழுதுபார்க்க ஆளிருக்கிறதா என்பதையும் விலையோடு சேர்த்துக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவருவதானால் ரசீதோடு கொண்டுவரச் சொல்லுங்கள். வரி கேட்டால் கட்டத்தான் வேண்டும்.

தூரத்தில் நிற்பதால் என்ன கிடைக்கிறது?

ஸ்கோப் வாங்குவது ஒருவருடைய ஆசை என்றாலும் அதன் பலன் ஏரிக்கும் போய்ச் சேர்கிறது. ஏரிகளில் இப்போது அதிகம் தெரிவது நீள லென்ஸ் கேமராக்கள். படத்துக்கு நெருக்கம் வேண்டும். அதனால் சேற்றில் இறங்குகிறார்கள், பறவை எழுகிறது. மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துக்கு, கரைவெட்டியில் கழிக்கும் குளிர்காலம் திரும்பிப் போவதற்குக் கொழுப்புச் சேர்க்கும் காலம். ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அந்தச் சேமிப்பில் கை வைக்கிறோம். ஸ்கோப் வைத்தவர் அரைக் கிலோமீட்டர் தள்ளி நின்றே திருப்தியடைகிறார். பறவைக்கு அவர் இருப்பதே தெரியாது.

படம் வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. 1999-இல் மலேசியாவின் லாரன்ஸ் போ, டிஜிட்டல் கேமராவை ஸ்கோப்பின் கண்ணில் வைத்துப் படமெடுக்கும் முறையைப் பறவை ஆர்வலர்களிடையே பரப்பினார். இன்று செல்போனை மாட்ட ஒரு பிடி போதும். ஜூமைக் குறைவாக வைத்து, செல்போனின் டைமரை அழுத்தி எடுத்தால் அடையாளத்துக்கான ஆதாரம் கிடைத்துவிடும். கண்காட்சிக்கு அனுப்பும் படம் வராது. அதை எதிர்பார்த்து ஸ்கோப் வாங்காதீர்கள்.

கணக்கெடுப்பில்தான் ஸ்கோப்பின் அருமை முழுதாகத் தெரியும். 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, ஒரு நீர்நிலையைக் காப்பாற்ற வாதாடும்போது கையில் இருக்கும் ஆதாரங்களில் ஒன்று. அதில் 'உள்ளான் வகை, 300' என்று எழுதுவதற்கும் எந்த உள்ளான் எத்தனை என்று எழுதுவதற்கும் தூரம் அதிகம். கொசு உள்ளானும் டெமிங்க் உள்ளானும் ஒரு சாண்கூட நீளமில்லாத பறவைகள். முதலாவதற்குக் கால் கறுப்பு, இரண்டாவதற்கு மஞ்சள் கலந்த பச்சை. இதைப் பைனாகுலரில் பார்க்கச் சேற்றில் இறங்க வேண்டும். இறங்கினால் எண்ணுவதற்கு எதுவும் இருக்காது.

இன்னொன்று வளையம். ஆய்வாளர்கள் காலில் வண்ணக் கொடியும் கழுத்தில் பட்டையும் மாட்டி அனுப்பிய பறவைகள் நம் ஏரிகளிலும் இறங்குகின்றன. மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டப்பட்ட வரித்தலை வாத்துகள் கர்நாடக ஏரிகளில் காணப்பட்டிருக்கின்றன. பட்டையில் உள்ள எழுத்தைப் படித்தால்தான் அது எந்தப் பறவை, எங்கிருந்து புறப்பட்டது என்று தெரியும். பெரிய லென்ஸும் அதிக மடங்கும் உண்மையிலேயே தேவைப்படும் வேலை இது.

---
பெட்டிச் செய்தி: விருத்தாசலத்திலிருந்து எங்கே?

வெலிங்டன் ஏரி: மேற்கே, திட்டக்குடி தாண்டிக் கீழ்ச்செருவாய். வாத்துகள், நாமக்கோழி, மீசை ஆலா.

வீராணம்: சேத்தியாத்தோப்பு வழி. சாலை ஓரமாகவே நீண்ட கரை. காலையில் மட்டும் போங்கள். வண்டி ஓடும் சாலையில் ஸ்டாண்டை விரிக்க வேண்டாம், ஒதுங்கிய இடமாகப் பாருங்கள்.

கரைவெட்டி: ரயிலில் அரியலூர், அங்கிருந்து சாலை. 1999 முதல் சரணாலயம். வரித்தலை வாத்துக்குப் பேர்போனது.

கழுவெளி: மரக்காணம் பக்கம். உவர்நீர் என்பதால் உள்ளான்களும் மூக்கன்களும். எங்கும் பார்வை நீளும் திறந்த வெளி. ஸ்கோப் இல்லாமல் போனால் பாதிதான் பார்ப்பீர்கள்.

பிச்சாவரம்: படகில் ஸ்கோப் பயன்படாது. பைனாகுலரோடு போங்கள்.

---

எதை வாங்கலாம்?

இன்னும் பைனாகுலர் இல்லாதவர் ஸ்கோப் வாங்கக் கூடாது. முதலில் 8×42 பைனாகுலர் ஒன்று. இரண்டு குளிர்காலம் அதோடு ஏரிக்குப் போன பிறகும் ஆசை தீரவில்லை என்றால், 60 அல்லது 65 மில்லிமீட்டர், சாய்வுக் கண்வில்லை, நீர் புகாத ஈ.டி. ரகம். மொத்தப் பட்ஜெட்டில் நான்கில் ஒரு பங்கை ஸ்டாண்டுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் ஸ்கோப். விமானப் பயணமும் மலையேற்றமும் அதிகம் என்றால் 50–55. கார், கணக்கெடுப்பு, வளையம் படிப்பது என்று இறங்கிவிட்டவருக்கு மட்டும் 80-க்கு மேல்.

கையில் அவ்வளவு பணம் இல்லாதவர்களுக்கு: தனித்தனியாக நான்கு மட்டமான ஸ்கோப் வாங்குவதைவிட, நாலு பேர் சேர்ந்து ஒரு நல்ல ஸ்கோப் வாங்குங்கள். பள்ளி, கல்லூரி இயற்கை மன்றங்களும், பழைய மாணவர் சங்கங்களும் இதைச் செய்யலாம். ஒரு ஸ்மார்ட் போர்டின் விலையில் நல்ல ஸ்கோப்பும் ஸ்டாண்டும் வந்துவிடும், பல ஆண்டு உழைக்கும். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் ஜனவரி நடுவில் நான்கு நாள் நடக்கிறது. கட்டணம் கிடையாது. உங்கள் ஊர் ஏரியில் பதினைந்து நிமிடம் நின்று, பார்த்ததை எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு இணையதளத்தில் பதிந்தால் நீங்களும் அதில் ஒருவர்.